விசா ஆபீசில் சொன்ன பெயர்

என் கணவர் சிறுவயதில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஓய்வுக்கால விசாவில் இலங்கை மலையகத்தில் தான் பிறந்த ஊரான நோர்வூட்டுக்கே வந்துவிட்டார். தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்த என்னை, என் ஐம்பத்தாறாவது வயதில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்.

அந்த விசாவைத் திருமண விசாவாக மாற்றக் கொழும்புக்குப் போனோம். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஒரு பெண் அதிகாரி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கணவர் பேர் என்ன?"

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த அவர் படத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"பேர்கூட தெரியாதா? இது உண்மையான கல்யாணம்தானா?" அதிகாரி ஃபைலை மூடினார்.

இவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், "தங்கராசு!" என்று கத்தியேவிட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு, "இந்தா வந்துட்டேன், என்னாச்சு புள்ள?" என்று பதறி ஓடிவந்தார் அவர். அதிகாரி சிரித்துக்கொண்டே ஃபைலைத் திறந்தார். விசா கிடைத்தது.

இப்போது தினமும் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று, முதல் தடவை அவர் காதில் விழாத மாதிரியே உட்கார்ந்திருக்கிறார்.