பாட்டுக்கு முன்னே வந்த கடல்

வேல்விழி என் வேனில் ஏறிய முதல் வாரமே எனக்கும் அவளுக்கும் சண்டை. ஆமத்தூரிலிருந்து நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்குக் காலையில் பெண்களை ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் பிழைப்பு. பெயர் தவுபிக். என் வாப்பாவும் அண்ணன்மாரும் விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். மிளகாய் மூட்டைக்கு நடுவில் தும்மிக்கொண்டே காலந்தள்ள முடியாது என்று வேன் வாங்கியவன் நான். வேன்காரனுக்கு இருக்கிற ஒரே ராஜ்யம் பாட்டுப் பெட்டி. அதிலும் ஒருத்தி வந்து கை வைத்தால் கோபம் வருமா, வராதா?

"அண்ணே, இந்தப் பாட்டு இந்த ரோட்டுக்குச் சேராது" என்றாள்.

"ஏன், ரோடு உன்கிட்ட வந்து சொல்லுச்சா?"

"காலங்காத்தால எல்லாருக்கும் கண்ணு எரியுது. இப்பப் போயி குத்துப்பாட்டு போட்டா கம்பெனி கேட்டு வர்றதுக்குள்ள அலுத்துப் போயிருவாக. கெளம்பையில மெதுவா ஒண்ணு, நடுவுல கொஞ்சம் வேகமா ஒண்ணு, கேட்டுகிட்ட வாய்விட்டுப் பாடுற மாதிரி ஒண்ணு. இப்பிடிப் போட்டுப் பாருங்களேன்."

கழுத்தில் தொங்கிய பென் டிரைவைக் கழற்றி நீட்டினாள். அவள் சொன்னது தப்பு என்று காட்டுவதற்காகவே மறுநாள் அதைச் சொருகினேன். கம்பெனி கேட்டில் வண்டி நின்றபோது கடைசிப் பாட்டின் பல்லவி ஓடிக்கொண்டிருந்தது. வேன் மொத்தமும் பாடிக்கொண்டே இறங்கியது. தூங்குமூஞ்சிகளாக ஏறியவர்கள் அவர்கள்தானா என்று எனக்கே சந்தேகம். அதற்கப்புறம் நான் பாட்டுப் பெட்டியைத் தொடவில்லை. தொடவும் வெட்கமாக இருந்தது.

அவளுக்குப் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஆமத்தூர்தான். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். பத்தாவது முடித்த கையோடு இவள் பட்டாசுக்கு வந்துவிட்டாள். சரம் பின்னுகிற வேலை. கம்பெனிக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மற்றப் பெண்கள் அதற்குப் புலம்புவார்கள். இவளுக்கு அதுதான் வசதி. விரல் சரத்தைப் பின்ன, மனதுக்குள் பாட்டை முழுசாக ஓடவிட்டு எதற்குப் பின்னால் எது வரவேண்டும் என்று அடுக்கிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் வேனில் உட்கார்ந்து வரிசையை ஏற்றிவிடுவாள். மழைநாள் வரிசை, திருவிழா வரிசை, சம்பளநாள் வரிசை என்று எத்தனையோ வைத்திருந்தாள்.

ஊருக்கெல்லாம் வருசம் எப்போது முடிந்தாலும் பட்டாசுக்காரர்களுக்குத் தீபாவளியோடு முடியும். சீசன் முடிந்து கம்பெனி அடைக்கிற அன்று, அந்த வருசம் வேனில் கேட்டதில் ஆளுக்கொரு பாட்டைக் கேட்டு வாங்கி 'வருசப் பாட்டு' என்று ஒரு வரிசை போடுவாள். அன்றைக்கு வேனுக்குள் நடக்கிற அடிதடியைப் பஞ்சாயத்துத் தேர்தலில்கூடப் பார்க்க முடியாது. ஒரு வருசம் தன் பாட்டு கடைசிக்குப் போய்விட்டது என்று மாடத்தி மதினி பொங்கல் வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வேல்விழி மசியவே இல்லை. "கடைசிப் பாட்டுதான மதினி வீட்டு வாசல் வரைக்கும் கூட வரும்" என்று சொல்லிவிட்டாள்.

கம்பெனி அடைத்திருக்கிற அந்த நாட்களில்தான் இவர்கள் டூர் போவார்கள். போனஸில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு என் வேனிலேயே கிளம்புவது. முதல் டூர் குற்றாலம். அந்த வருசம் சீசன் சூடு பிடிப்பதற்கு முன்னாலேயே வேல்விழி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தனியாக ஒரு தடவை பஸ்ஸில் குற்றாலம் போய்த் திரும்பியிருக்கிறாள். எந்த ஊர் தாண்டும்போது எந்தப் பாட்டு ஓடுகிறது என்று பார்த்துவந்து வரிசையை மாற்றி அடுக்கியிருக்கிறாள். இது எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். தென்காசியைத் தாண்டி, மலையும் அதில் வெள்ளையாக ஒழுகுகிற அருவியும் கண்ணில் பட்ட அந்த இடத்தில் உறுமி மேளம் இறங்கியது பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. தற்செயல் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் மலையைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருசன் சோணைமுத்து அந்த டூருக்கு வரவில்லை. அவரும் பட்டாசு வேலைக்காரர்தான். ஒரு வெடி விபத்தில் உயிர் தப்பியது, இரண்டு கண்ணும் போய்விட்டது. வாய்த்துடுக்கான மனிதர். ஆமத்தூர் டீக்கடையில் அவர் நக்கலுக்குத் தப்பியவர்கள் குறைவு. கண் போனபிறகு ஊரே அவருக்குச் சொல்ல ஆரம்பித்தது. படி இருக்கு, மாடு வருது, உங்க மச்சான் நிக்காரு. நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்.

போன தீபாவளிக்குப் பிறகு ராமேஸ்வரம் போவது என்று சீசன் நடக்கும்போதே முடிவானது. வேனில் வருகிறவர்களில் ஒருத்திகூடக் கடலைப் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள். கடல் எங்களுக்கு எட்டாத தூரமில்லை. ஒரு நாள் லீவு கிடைத்தால் அழுக்குத் துணிக்கும் ரேசன் கடைக்கும்தான் அது சரியாகப் போகும். வேல்விழி அவரையும் கூப்பிட்டாள். அவர் என்ன சொன்னார் என்பதை அவள் என்னிடம் அப்படியே சொன்னாள்.

"கடலு கடலுன்னு எல்லாரும் கத்துவீக. நான் அதைக் கேட்டுட்டு வரணுமாக்கும்? அதுக்கு வீட்லயே கெடக்கேன்."

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. நான் பாட்டு வைக்கேன். அந்தப் பாட்டு வந்தா கடலு வந்துருச்சுன்னு அர்த்தம். நீங்கதான் மொதல்ல சொல்லணும், நாங்க எல்லாரும் ஒங்களுக்குப் பின்னாடிதான்."

அதற்கு அவர், "எந்தப் பாட்டு?" என்று கேட்டாராம்.

இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கவில்லை. பயம் எனக்குத்தான். "தப்பிப் போச்சுன்னா என்ன பண்ணுவ?" என்றேன். "தப்பாது அண்ணே. தப்புனா அந்தாளு இனிமே வாசப்படி தாண்ட மாட்டாரு" என்றாள்.

அந்த வழியாக அவளே ஒரு நடை போய்வர லீவு இல்லை, சீசன் உச்சத்தில் இருந்தது. ராமேஸ்வரம் பக்கம் லோடு கொண்டுபோகிற பலவேசம் அண்ணனிடம் பென் டிரைவைக் கொடுத்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டே போய்வந்து, திருச்சுழியில் இது, பார்த்திபனூரில் இது என்று சுத்தமாக ஒப்பித்தார். மனுசருக்கு நல்ல ஞாபகம். அவள் அதை வைத்து அடுக்கி, சோணைமுத்துவிடம் கொடுத்தாள். அவர் ஒரு மாதம் அதை வீட்டில் கேட்டுக் கேட்டு, எந்தப் பாட்டுக்கு எந்த இடம் என்று மனப்பாடமே செய்துவிட்டார். பாம்பன் பாலத்துக்கு அவள் வைத்த பாட்டில் ஒற்றை வயலின் அடியிலிருந்து மெல்ல ஏறி ஏறி வந்து, சட்டென்று ஒரு கூட்டமே வாசிப்பதாக விரியும்.

கிளம்பினோம். முன் வரிசை ஜன்னலோரம் அவர், பக்கத்தில் அவள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மாடத்தி மதினி ஏறும்போதே, "கொழுந்தனாரு மாப்பிள்ள மாதிரி இருக்கீக" என்றாள். "பொண்ணு பாக்கத்தான் போறேன் மதினி, ஒங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காளா?" என்றார். பழைய சோணைமுத்து திரும்பி வந்துவிட்டார் என்று எங்களுக்கெல்லாம் சந்தோசம்.

திருச்சுழியைத் தாண்டி, இரண்டு பக்கமும் வேலிக்கருவை முட்செடி தவிர ஒன்றுமில்லாத இடத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பாட்டு மாறியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "திருச்சுழி வந்துருச்சு. இந்நேரம் கோயில் கோபுரம் தெரியணுமே" என்றார்.

கோபுரம் எப்போதோ பின்னால் போய்விட்டது. மாடத்தி மதினிதான் சமாளித்தாள். "ஆமா கொழுந்தனாரே, நல்லாத் தெரியுது." அவர் முகம் மலர்ந்தது. வேல்விழியின் முகம் செத்துவிட்டது.

ராமநாதபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினேன். அவள் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "அண்ணே, பாட்டு பின்தங்கிப் போச்சு. பலவேசம் அண்ணன் தப்பாச் சொல்ற ஆளில்லயே!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன். பலவேசம் கொண்டுபோனது பட்டாசு லோடு. அந்த லாரியை எவனும் விரட்ட மாட்டான், பிள்ளைத்தாச்சியைக் கூட்டிக்கொண்டு போகிற பதனத்தில்தான் ஓட்டுவான். எங்கள் ஊரில் லாரி என்றாலே பட்டாசு லாரி, வேகம் என்றால் அதன் வேகம். வேறொரு வேகம் உண்டு என்பது அவளுக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை, வேன் ஓட்டுகிற எனக்கும் தோன்றவில்லை.

"பாட்டைத் தாண்டித் தாண்டி வச்சிருவோம்" என்றேன்.

"அவருக்கு வரிசை மனப்பாடம் அண்ணே. ஒரு பாட்டைத் தாண்டுனாலும் கண்டுபிடிச்சிருவாரு. நாம சொல்லிக் குடுத்த மாதிரிதான ஆகும்?" அவள் வேனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க லோடு வண்டி மாதிரி ஓட்டுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஓட்டினேன். என் ஆயுசில் அப்படி ஓட்டியதில்லை. சைக்கிள்காரன்கூட முந்திப் போனான். பின்னால் வந்த பஸ்காரன் என் தாய்மாமன் வரைக்கும் இழுத்துத் திட்டினான். உச்சிப்புளி தாண்டும்போது பாட்டு எங்களை நெருங்கிவிட்டது. ஆனால் முழுசாக எட்டவில்லை. மண்டபத்தில், வீடுகளுக்கும் பனைகளுக்கும் நடுவில், நீலமாக ஒரு கோடு தெரிந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்தது மாடத்தி மதினி அடம்பிடித்துச் சேர்க்கச் சொன்ன குத்துப்பாட்டு.

யாராவது கத்தப் போகிறார்கள் என்று பயந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். வேன் முழுக்கப் பெண்கள், அத்தனை பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கடலை முதலில் சொல்லப்போவது அவர்தான் என்பது அவர்களுக்குத் தெரியும்; பாட்டு பின்தங்கியதைப் பற்றி வேல்விழி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. திருச்சுழியில் அவள் முகத்தைப் பார்த்ததே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. கோடு அகன்றது. வண்டி பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீர், கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். எத்தனையோ தடவை பார்த்த எனக்கே மூச்சு அடைத்தது. முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைக்கிறார்கள், ஒருத்தி கையை ஒருத்தி நெரிக்கிறாள், ஒரு முனகல்கூட வரவில்லை. யா அல்லாஹ், கம்பெனி வேனில் ஒரு ஜாக்கெட் துணிக்கு ஊரைக் கூட்டுகிறவர்கள் இவர்கள்! எனக்குக் கடலைப் பார்ப்பதா, கண்ணாடியைப் பார்ப்பதா என்று தெரியவில்லை.

குத்துப்பாட்டு ஒருவழியாக முடிந்தது. ஒற்றை வயலின் ஏறியது. அவர் தலையை மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்பினார். வயலின்கள் விரிந்த இடத்தில் கையை வெளியே நீட்டி, வேனே அதிரக் கத்தினார்:

"ஏ புள்ள, கடலு!"

அதற்கப்புறம் எழுந்த கூச்சலில் பாட்டு யாருக்குக் கேட்டது? அழுகையும் குலவையுமாக, பாலத்தில் நின்ற ஜனமெல்லாம் எங்கள் வேனைத் திரும்பிப் பார்த்தது. வேல்விழி கத்தவில்லை. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ராமேஸ்வரத்தில் பெண்கள் எல்லாரும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். நானும் சோணைமுத்துவும் கரையில் உட்கார்ந்திருந்தோம். என் மனசு நிறைந்திருந்தது. "அந்தப் புள்ள பாட்டு வச்ச நேரம் பாத்தீகளா அண்ணே!" என்றேன்.

"பாத்தேன், பாத்தேன்" என்று சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாய், மண்டபத்துலயே உப்புக் காத்து மூஞ்சில அடிச்சிருச்சு. நீங்க எருமை மாதிரி உருட்டையிலயே எனக்கு ஒரு சந்தேகம். அப்பறம் அந்தக் குத்துப்பாட்டு ஓடுது, மாடத்தி மதினி கை தட்டல. ஒருத்திகூட கை தட்டல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெறகு ஏன் சொல்லல?"

"எப்பிடிய்யா சொல்லுவேன்? இம்புட்டுப் பொம்பளைக, கடலையே பாக்காதவுக, கண்ணு முன்னாடி வந்து நிக்கையில எனக்காக வாயைப் பொத்திக்கிட்டு இருக்காக. அவ பாட்டு வர்ற வரைக்கும் எல்லாரும் காத்துக்கெடக்காக. நான் மட்டும் முந்திக்கிறதா?"

எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. இவருக்கு எங்கே தெரியப் போகிறது என்று துடைக்காமல் விட்டுவிட்டேன்.

"மூக்கைச் சிந்துங்க பாய்" என்றார் சோணைமுத்து. "அவ வாரா."