துட்டி வீட்டுத் தட்டு

மரகதத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பதினோரு வருடம், போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, டெலானிபூர் குவார்ட்டர்ஸில் கடைசிக்கு முந்தின வீடு. கடைசி வீடு ஜெயமணியுடையது. அறுபத்து நாலாம் வருடத் தீபாவளிக்கு அந்த வரிசையே மரகதத்தோடு முறைத்துக்கொண்டதற்குக் காரணம் அந்தக் கடைசி வீடுதான்.

ஜெயமணியின் புருஷன் சண்முகம், தீவுக்குத் தீவு போகும் படகில் வேலை பார்த்தவன். ஆவணியில் ஹேவ்லாக் தீவுக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பினான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். அப்புறம்தான் ஊர் வாயைத் திறந்தது. மெயின்லேண்டில், ஊர்ப்பக்கம், அவன் முறைப்படி தாலி கட்டிய ஒருத்தி இருக்கிறாளாம். ஜெயமணி ஆறு வருடம் கூட இருந்தவள்தானாம். பிணத்தை எடுக்கும்போது ஜெயமணி அழ வாயெடுத்தாள். எந்த உரிமையில் அழுகிறாய் என்று பெண்களே கேட்டார்கள். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தமே இல்லை.

சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்பார்கள். ஒரு வருடம் அங்கே பண்டிகை கிடையாது, எண்ணெய்ச் சட்டி ஏறாது. தீபாவளியன்று அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இங்கேதான் வந்தது வம்பு. தட்டுப் போனால் அது துட்டி வீடு என்று ஆகும். துட்டி வீடு என்றால் ஜெயமணி பெண்டாட்டி என்று ஆகும். ஆகவே கடைசி வீட்டுக்கு யாரும் தட்டு எடுக்கக் கூடாது என்று ஹெட் கிளார்க் கோவிந்தராஜ் சொல்லிவிட்டார். குவார்ட்டர்ஸ் சங்கத்துக்குக் காரியதரிசி வேறு. கடல் தாண்டி வந்தும் மனுஷர்கள் எதை மறக்காமல் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள் பாருங்கள்!

மரகதத்தின் வீட்டுக்காரர் இராமகிருஷ்ணன் அந்தக் கோவிந்தராஜுக்குக் கீழேதான் வேலை பார்த்தார். பாவம், வேலைக்குப் பயந்த மனுஷன். கொடுப்பதைக் கொடு, இருட்டின பிறகு பின்பக்கமாகப் போய்க் கொடுத்துவிட்டு வா என்று கெஞ்சினார். திருட்டுச் சாமானா கொண்டுபோகிறேன் என்று மரகதம் கேட்டாள். கப்பல் தாமதமாகி ரேஷனில் சர்க்கரை கால்வாசிதான் கிடைத்திருந்தது. அதிரசத்துக்கு ஆசைப்படாமல் முறுக்கும் தேங்காய்ப் போளியும் செய்தாள். தன் பிள்ளைகள் வாயில் வைப்பதற்கு முன்னால் கடைசி வீட்டுக்கென்று ஒரு தட்டு நிறைத்தாள்.

காலை பத்து மணி. குழாயடியில் கூட்டம். பின்பக்கமாகப் போனால் பத்தடி. அவள் தட்டைத் துணிபோட்டு மூடாமல் முன்பக்கம் இறங்கி, குழாயடி வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தாள். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான். கோவிந்தராஜ் புதுவேட்டியோடு வழியில் வந்து நின்றார்.

"என்ன முறையில கொண்டுபோறே? அவ பேரு அவன் ரேஷன் கார்டுலகூட இல்ல, தெரியுமில்ல, மாலூம் ஹை?"

"ஒம்பது நாளு மூத்திரத் துணி அலசுனவ பேரு எந்தக் கார்டுல சார் எழுதுவாங்க? நான் வார்டுல இருந்தேன், பாத்தேன். ஊருல இருக்குறவ அழுதா அதுவும் துட்டி வீடுதான். இதுவும் துட்டி வீடுதான். பஸ் கரோ, போதும், வழிய விடுங்க."

அவர் சட்டென்று விலகவில்லை. சங்கத்து விசேஷம் எதற்கும் உங்களைக் கூப்பிடமாட்டோம் என்றார். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். சொன்னபடியே மூன்று வருடம் கூப்பிடவில்லை. இராமகிருஷ்ணனுக்கு அதில் வருத்தம்தான். அவளுக்கு இல்லை.

கதவைத் திறந்த ஜெயமணி தட்டைப் பார்த்ததும் பின்வாங்கினாள். வேண்டாம்க்கா, உங்களுக்குப் பேச்சு வரும் என்று முணுமுணுத்தாள். மரகதம் தட்டை அவள் கையில் திணித்தாள். ஜெயமணி அதைப் பிடித்தபடி வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். முந்தானை வாய்க்குப் போனது. மரகதம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அப்போதுதான் அந்தப் பெண் வாய்விட்டு அழுதாள். இரண்டு மாதத்து அழுகை. குழாயடியில் குடங்கள் அப்படியே நின்றன. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மரகதம் அவள் பக்கத்தில் அதே படியில், தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"நல்லா அழு. எவன் வந்து கேக்குறான்னு நான் பாத்துக்குறேன்."