அக்பர் அலியின் மெத்தையும் ஆம்ஸ்தேரின் படுக்கையும்

சுல்தான்பேட்டை அக்பர் அலி தைத்த மெத்தையில் ஆள் ஏறி நின்றாலும் பள்ளம் விழாது. அது அவருக்குப் பெருமை. பஞ்சை அடித்து, இடித்துத் திணித்து, கட்டை போல விறைப்பாகத் தைத்துக் கொடுப்பார். "மெத்த நம்மளத் தாங்கணும். நாம போயி மெத்தைக்குள்ள முழுகக் கூடாது" என்பார். வில்லியனூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இருபத்தைந்து வருடமாக அவர் வைத்ததுதான் மெத்தை. யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

1948 மாசியில் புதுச்சேரியில் ஒரு துரை வீட்டு வேலை வந்தது. அந்தக் குடும்பம் பிரான்சுக்குத் திரும்பப் போகிறது. அடுத்து வரப்போகிற துரைக்காக மெத்தைகளையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டும். கடைசி நாள் அவர் கோணி ஊசியைத் துடைத்துப் பையில் வைக்கும்போது, துரையின் எட்டு வயது மகள் ஆனெத் ஒரு கம்பிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சமையல்காரம்மாவிடம் கற்றுக்கொண்ட தமிழ் அவளுக்கு நன்றாகவே வந்தது.

"பாய், இது ஆம்ஸ்தேர். கப்பல்ல எடுத்துகினு போவக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு. நீ வச்சுக்கோ."

"நான் இதை வச்சுகினு இன்னா பண்ணுவேன் பாப்பா?"

"இது பகல் பூரா தூங்கும். உங்கிட்டதான் மெத்த இருக்குது."

அக்பர் அலி கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறி வில்லியனூரில் இறங்கினார்.

வீட்டில் அவர் மனைவி மெஹர் நிஷா கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். எலி இனத்துக் கைக்கடக்கமான பிராணி, ஆங்கிலத்தில் ஹாம்ஸ்டர். பொன் நிறம், கருமணிக் கண்கள், வால் இருந்தும் இல்லாத மாதிரி ஒரு துணுக்கு.

"ஊரு உலகத்துல எலிக்குப் பொறி வப்பாங்க. நீங்க ரயிலுக்குக் காசு குடுத்துக் கூட்டியாந்திருக்கீங்களே!"

"எலி இல்ல மெஹரு. ஆம்ஸ்தேர்."

"தேரா? இருக்கிற தேரு பத்தலியா இந்த ஊருக்கு?"

அன்றிலிருந்து அதன் பெயர் தேர் ஆகிவிட்டது.

அக்பர் அலி அன்றைக்கே உட்கார்ந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு மெத்தை தைத்தார். சிவப்புக் கோடு போட்ட துணி, உள்ளே முதல் தரப் பருத்திப் பஞ்சு. கூடவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு தலையணை. விறைப்பில் குறை வைக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் தேர் எழுந்து வந்தது. மெத்தையை முகர்ந்தது. ஒரு மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்தது. பஞ்சை உருவி உருவி இரண்டு கன்னத்திலும் அடைத்துக்கொண்டது. முகம் இரண்டு மடங்காகிவிட்டது. அப்படியே கூண்டின் மறுகோடிக்கு ஓடி, எல்லாவற்றையும் துப்பி, குருவிக்கூடு மாதிரி உருண்டையாக ஒன்று கட்டி, உள்ளே நுழைந்து வாசலையும் அடைத்துக்கொண்டது. தலையணையை மட்டும் எதிர் மூலைக்கு இழுத்துப்போய் அதன்மேல் சிறுநீர் கழித்து வைத்திருந்தது.

இரண்டாவது மெத்தைக்கும் அதே கதி. மூன்றாவதற்கும்.

"இத்தினி வருசத்துல ஒருத்தன் என் மெத்தையக் குத்தம் சொன்னதில்ல" என்று பொருமினார் அக்பர் அலி.

"அது மட்டும் வாயத் தொறந்து சொல்லிச்சா? செஞ்சுதான காட்டிச்சு" என்றாள் மெஹர் நிஷா.

தேரைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களெல்லாம் பகலில் வந்ததால் பார்த்தது ஒரு பஞ்சு உருண்டையை மட்டும்தான். மேரியில், அதாவது பிரெஞ்சு நகரமன்ற அலுவலகத்தில், சேவகராக இருந்த ஆதிமூலம் மூன்று நாள் தொடர்ந்து வந்தார். மூன்று நாளும் ஒரே பதில்.

"தூங்கிகினு இருக்குது."

"நம்மூரு தேராவது வருசத்துக்கு ஒரு தபா நகருது. உன் தேரு நகரவே நகராதா? வெறும் பஞ்ச வச்சுகினு ஊர ஏமாத்துறியா பாய்?"

அக்பர் அலி தடுப்பதற்குள் ஆதிமூலம் கம்பிக்குள் விரலை விட்டுப் பஞ்சைக் குடைந்தார். அடுத்த நொடி அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் கூரை ஏறின. விரலை வெளியே இழுத்தபோது தேரும் கூடவே கம்பிவரை வந்து, பிறகுதான் பல்லை விட்டது. மேரியில் விரலைக் கதவில் நசுக்கிக்கொண்டதாக அவர் சொல்லிக்கொண்டார். ஆனால் தேர் உண்டா இல்லையா என்று அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை.

"தூங்குறவங்கள எழுப்புனா யாருக்குத்தான் கோவம் வராது?" என்று அக்பர் அலி கூண்டின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

சித்திரையில் ஒருநாள் அக்பர் அலி அந்தி நேரத்து மக்ரிப் தொழுதுவிட்டு வந்தபோது, மெஹர் நிஷா கூண்டின் முன்னால் கவலையோடு உட்கார்ந்திருந்தாள். எலி எலி என்று திட்டிக்கொண்டே தினமும் அந்த நேரத்துக்கு அவள் இரண்டு பச்சைக் கடலை போட்டு வந்தது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"கடலை அப்படியே கெடக்குதுங்க. வெளியவே வரல."

அவள் உடனே கையை உள்ளே விடவில்லை. விரலைக் கூட்டின் வாசலில் வைத்துக் காத்திருந்தாள். உள்ளிருந்து மூக்கு நீண்டு முகர்ந்து பார்த்தது. பிறகுதான் மெல்லப் பஞ்சை விலக்கினாள். பஞ்சு இழையும் மெத்தையின் தையல் நூலும் முறுக்கிக்கொண்டு பின்னங்காலில் இறுகியிருந்தன. கால் வீங்கிவிட்டது.

"அல்லாவே, என் நூலு" என்றார் அக்பர் அலி. பூட்டு மாதிரி பிரியாத நூல் என்று சொல்லித்தான் அவர் மெத்தையை விற்பது வழக்கம்.

"கண்ண மூடிக்காதீங்க. வெளக்கப் புடிங்க."

மெஹர் நிஷா சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக நறுக்கினாள். தேர் நடுங்கியதே தவிர கடிக்கவில்லை. விளக்கைப் பிடித்திருந்தவர்தான் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். கடைசி இழை அறுந்ததும் அவள் கூண்டிலிருந்த பஞ்சு மொத்தத்தையும் அள்ளி வெளியே போட்டாள். மளிகை கட்டி வந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டாள். மெல்லிய வைக்கோல் கொஞ்சம். வாய் உடைந்த சின்னக் கலயம் ஒன்றைப் படுக்க வைத்தாள். வெயில் காலமாதலால் கூண்டையே தண்ணீர்ப் பானை இருந்த ஈர மணலுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

நான்காம் நாள் தேர் நொண்டியபடியே காகிதத்தைக் கன்னத்தில் அடைத்துக் கலயத்துக்குள் கொண்டுபோகத் தொடங்கியது.

"கிழிஞ்ச காயிதத்துல எப்பிடித்தான் தூங்குதோ!" என்றார் அக்பர் அலி.

"அதுக்குப் புடிச்ச மாதிரி அதுவே செஞ்சுக்கிச்சு, தூங்குது." மெஹர் நிஷா ஒரு கடலையைக் கலயத்தின் வாயருகே வைத்தாள். "எனக்கும் உங்க மெத்த புடிக்காதுங்க."

"இன்னாது?"

"பாறை மேல படுத்த மாதிரி இருக்குது. நீங்க கொறட்ட விட ஆரம்பிச்சதும் எறங்கிப் பாயில படுத்துக்குவேன். நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஏறிக்குவேன்."

"எவ்ளோ நாளா?"

"நிக்காஹ் ஆனதுலேருந்து."

அக்பர் அலி உள்ளே போய்த் தம் மெத்தையைப் பார்த்தார். அவர் பக்கம் லேசாக அமுங்கியிருந்தது. மறுபக்கம் நேற்றுத் தைத்தது மாதிரி புதுசாக இருந்தது. பதினேழு வருடம்!

 மூன்றாம் நாள் மதியம் மெத்தையைக் கூடத்தில் இழுத்துப் போட்டு, தையலைப் பிரித்தார்.

"எவ்ளோ எடுக்கட்டும்?"

"இன்னும்... இன்னும் கொஞ்சம்..."

அவள் படுத்துப் பார்த்தாள். எழுந்து இன்னொரு அணைப்புப் பஞ்சை உருவினாள். மறுபடி படுத்தாள். ஐந்தாவது தடவை படுத்தவள் எழுந்திருக்கவில்லை, தூங்கிப்போயிருந்தாள். வாய் தைக்காத மெத்தை, பக்கத்தில் பஞ்சுக் குவியல். அக்பர் அலி கோத்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும்வரை சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

தேர் லேசான நொண்டலோடு அடுத்த வருடம் ஐப்பசி வரை இருந்தது. ஒரு மாலை கடலை தொடப்படாமல் கிடந்தது. கலயத்துக்குள் சுருண்டபடியே போய்ச் சேர்ந்திருந்தது. கொல்லையில் புதைத்தபோது ஆதிமூலம்கூட வந்து நின்றார்.

தம் மெத்தையைப் பிரித்த நாளிலிருந்து, மெத்தை கேட்டு வருகிறவர்களிடம் அக்பர் அலி முதலில் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்; தேர் போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. "நீங்க எப்பிடிப் படுப்பீங்க?" பெரும்பாலோர் சிரித்துவிட்டு யோசிப்பார்கள். திருக்கனூர் சந்தையிலிருந்து வந்த ஒரு மாட்டுத் தரகர் மட்டும் யோசிக்கவே இல்லை. "நான் எங்க பாய் படுத்தேன்? வண்டியில உக்காந்துகினேதான் தூங்குவேன்" என்றார்.

அக்பர் அலி வண்டிக்கு அளவெடுக்கக் கயிற்றோடு கிளம்பிவிட்டார்.