பொதுமக்கள் நாற்காலி

என் வீட்டுக்காரர் கிளெமென்ட்டுக்கு நான் ஒரே பெண்டாட்டிதான். ஆனால் எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். திஸில்பி பாரிஷ் கவுன்சில் என்று பெயர், இங்கிலாந்தில் எங்கள் சின்ன ஊரின் ஊராட்சி மன்றம். மாதத்தின் முதல் செவ்வாய் மாலை வந்தால் போதும், மனுஷன் தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, டை கட்டிக்கொண்டு ஊர் மண்டபத்துக்குக் கிளம்பிவிடுவார். என் தங்கை கல்யாணத்துக்குக்கூட அப்படிக் கிளம்பியவரில்லை. நான் சமைத்ததைத் தட்டில் போட்டு மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வந்ததும், "ஆறிப்போச்சு" என்பேன். காதில் விழாது.

அங்கே என்ன ராஜ்ஜியமா ஆளுகிறார்கள்? பேருந்து நிறுத்தத்தின் கூரை ஒழுகுகிறது, கல்லறைத் தோட்டத்துப் புல்லை யார் வெட்டுவது, நாய்க் கழிவுத் தொட்டியை யார் வாசலில் வைப்பது, இவ்வளவுதான். யாராவது வீட்டை நீட்டிக் கட்ட அனுமதி கேட்டால் இவர்கள் கூடாது என்று மாவட்டத்துக்கு எழுதுவார்கள்; மாவட்டம் கட்டிக்கொள் என்று சொல்லிவிடும். ஏழு உறுப்பினர்கள், ஒரு கிளார்க், தேநீர், பிஸ்கட். சம்பளம் சல்லிக்காசு கிடையாது. ஆனாலும் ஊர் அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக் கதவுச் சாவி இவரிடம்தான் இருந்தது. அதை வீட்டுச் சாவியோடு கோத்து வைத்திருந்தார்.

பல வருடம் துணைத்தலைவராக இருந்தவர். பழைய தலைவர் விலகியதும் அந்த இடம் தனக்குத்தான் என்று புதுச் சட்டையே வாங்கிவிட்டார். மே மாதக் கூட்டத்தில் அவர்கள் பிலிப்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். நகரத்திலிருந்து வந்து மேட்டுத்தெருவில் வீடு வாங்கியவள். கூட்டத்துக்கு எலுமிச்சை கேக் கொண்டுவருகிறவள்.

"வந்து நாலு வருஷம் ஆகலை! எந்தச் சாக்கடை எங்க போகுதுன்னு தெரியுமா அவளுக்கு?" என்று அன்று வீட்டில் குதித்தார்.

"தெரியாது. ஆனா நாலு பேரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறா. நீங்க யாரைக் கேட்டிருக்கீங்க?"

"நான் எதுக்குக் கேக்கணும்? கேக்கைக் காட்டி ஓட்டு வாங்கிட்டா, ரோஸ். கேக்கைக் காட்டி!"

வயிற்றெரிச்சல் என்றால் இப்படி அப்படி இல்லை. அவள் நட்ட ரோஜா பூத்தால் இவருக்குத் தும்மல் வந்தது. அவள் வணக்கம் சொன்னால் இவர் வானத்தைப் பார்த்தார்.

ஜூன் கூட்டத்தில்தான் அந்தக் கூத்து. நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். இவர் உறுப்பினர்கள் மேஜைக்குப் போகவில்லை. பின்னால் பொதுமக்களுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"கிளெமென்ட், உங்க இடம் இங்க இருக்கு" என்றாள் பிலிப்பா.

"நான் இன்னைக்கு உறுப்பினரா வரலை. பொதுஜனமா வந்திருக்கேன். அப்படியே எழுதிக்கோ மெர்வின்."

கிளார்க் மெர்வின் சொன்னதை எழுதுகிற ஆள். எழுதிக்கொண்டார். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் கொடுப்பார்கள். அந்த மூன்று நிமிடமும் இவர் பிலிப்பாவைத் திட்டினார். வீட்டுக்கு வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். அதன்பிறகு மாதாமாதம் இதே கதை.

விதி ஒன்று இருக்கிறது. ஆறு மாதம் உறுப்பினராக வராவிட்டால், வராததற்கான காரணத்தைக் கவுன்சில் ஏற்றுக்கொள்ளாவிட்டால், பதவி தானாகப் போய்விடும். அந்த விதியை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியதே இவர்தான்! செப்டம்பரில் பிலிப்பா மெதுவாகக் கேட்டாள்: "கிளெமென்ட் வராததுக்குச் சொந்தக் காரணம் இருக்குன்னு ஏத்துக்கலாமா?"

இவர் எகிறி எழுந்தார். "எனக்காக நீ காரணம் சொல்லாதே! யார் வரலை? இதோ, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்ல!"

அக்டோபரிலும் கேட்டாள். இவர் இன்னும் சத்தமாகக் கத்தினார். "யோவ் கிளெம், வாயை மூடும்யா!" என்று பக்கத்திலிருந்து காலை மிதித்தேன். நவம்பரில் மெர்வினே வந்து கெஞ்சினார், ஒருமுறை மேஜையில் உட்காருங்கள் என்று. "அவ தலைவரா இருக்கிற மேஜைலயா?" என்று கதவைச் சாத்தினார். விநாச காலே விபரீத புத்தி.

டிசம்பரில் மெர்வின் ஒரு தாளோடு வாசலில் நின்றார். முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். கிளெமென்ட் டவ்செட்டின் இடம் காலியாகிவிட்டது என்ற அறிவிப்பு. பலகையின் சாவி இவரிடம்தானே இருக்கிறது.

மழை தூறிக்கொண்டிருந்தது. நானும் கூடப் போனேன். பலகையைத் திறந்து, தாளை வைத்து, நான்கு மூலையிலும் குண்டூசி குத்தினார். கொஞ்சம் கோணலாக இருந்ததால் எடுத்துத் திரும்ப நேராகக் குத்தினார்.

தேர்தல் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அப்படியானால் கவுன்சிலே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். பிலிப்பா கேக்கோடு வீட்டுக்கே வந்தாள்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க கிளெமென்ட். எல்லாரும் கை தூக்குவோம்."

"உன் தயவுல எனக்கு நாற்காலியா?" உள்ளே போய்விட்டார்.

அவள் கண் கலங்கிப் போனாள். நான் கேக்கைப் பார்த்தேன். இத்தனை வருடம் என்னிடமிருந்து இவரைப் பிடுங்கிக்கொண்டவள் அந்தக் கவுன்சில் சக்களத்தி. அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியது. அந்த ஒரு வரியை என் பேரில் நான் எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் கை தூக்கினார்கள்.

என் முதல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மேஜையில் தட்டு மூடியிருந்தது. பக்கத்தில் இவர்.

"ஆறிப்போச்சு" என்றார்.

அச்சாக என் குரல். நான் டப்பென்று உட்கார்ந்தேன்.

"எந்த நாற்காலி குடுத்தாங்க?"

"ஜன்னலோரம். உங்களோடது."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"பேருந்து நிறுத்தக் கூரையைப் பத்திப் பேசினோம். புதுசு போடப்போறாங்க. நான்தான் கொண்டுவந்தேன், எல்லாரும் சரின்னுட்டாங்க."

"அது என் தீர்மானம்! எத்தனை வருஷமா நான்…" முகம் சிவந்துவிட்டது. "அடுத்த மாசம் வந்து மூணு நிமிஷம் பேசறேன் பாரு. உனக்கு எதிரா!"

"வாங்களேன். பொதுமக்கள் நாற்காலி காலியாத்தான் கிடக்கு."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லியிருக்க வேண்டாம். அவர் எழுந்து, என் தட்டை எடுத்துக்கொண்டு, சூடு பண்ண அடுப்படிக்குப் போனார்.