ஈரச் சுவரும் ஞாயிற்றுக்கிழமையும்

பிள்ளைகளே, தேதி குறித்தால்தான் வேலை ஓடும் என்று உங்கள் வீட்டுப்பாடத்தை வைத்துச் சொல்கிறீர்கள். அது பொய்யில்லை. நான் பெயிண்ட் அடிக்கப் போகும் இடங்களிலும், அவசரமில்லாத வீடு என்றால் டீக்கடையே கதி என்று கிடப்போம். ஆனால் ஈரம் காய்வதற்கு யார் தேதி குறிப்பது?

நாவலூரில் ஓர் அடுக்குமாடி வீடு. வாங்கியவர் தாம்பரத்தில் வேலை பார்க்கும் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி வீட்டைப் பிரதிஷ்டை செய்வதாக ஏற்பாடு. அந்த நாளுக்குப் பயந்தே படுக்கையறைகளைச் சீக்கிரமாகவும் சுத்தமாகவும் முடித்துவிட்டோம். ஹாலில் ஒரு சுவர்தான் பாக்கி. பெயிண்டுக்கு அடியில் பூசும் பட்டி மழையில் காயவே இல்லை. கையை வைத்தால் ஜில்லென்றது.

"காயட்டும் சார், இது மேல அடிச்சா கொப்புளிச்சுக்கும்" என்றேன் சூப்பர்வைசரிடம்.

"டச்சப்ல பாத்துக்கலாம்ணா. இல்லன்னா பாஸ்டர்கிட்ட நீங்களே போய் ஜெபத்தைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க."

என்னோடு பெயிண்ட் அடிப்பவன் சிரித்தான். "அவரு ஜெபிச்சா செவுரு காயுமான்னு கேளு மச்சான்."

டச்சப் என்றால் கடைசியில் கீறலை மறைக்கும் சின்னப் பூச்சு, அவ்வளவுதான். நாள் நெருங்க நெருங்க அந்த ஒரு வார்த்தைக்குள் எல்லாவற்றையும் திணித்துவிடுவார்கள். எலக்ட்ரீஷியன் சுவிட்சு மாட்டக் காத்திருந்தார். தச்சர் அலமாரிப் பலகையோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"இன்னாண்ணா, செவுத்தக் கட்டிப் புடிச்சிக்கினு நிக்கறே? ஒத்து, பலகைய எடுத்துக்கினு போவணும்."

முன்னால் சுவர், பின்னால் இத்தனை பேர். ரோலரை நனைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சுவர் பளபளவென்று இருந்தது. உள்ளே ஈரம் இருப்பது பார்ப்பவர் யாருக்கும் தெரியாது. "ரொம்ப நேர்த்தியா இருக்குண்ணா, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார் டீச்சர்.

"டீச்சர், அந்தச் செவுத்துக்குள்ள இன்னும் ஈரம்..." என்று ஆரம்பித்தேன்.

"புதுப் பெயிண்ட்டுல்ல மேடம், அதைச் சொல்றாரு" என்று சூப்பர்வைசர் என் தோளில் கைபோட்டார். "வாங்கண்ணா, பிரியாணி ஆறுது."

எல்லாரும் மொட்டை மாடிக்குச் சாப்பிடப் போனார்கள். புது சோபாவை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள், காற்றுப் புக வழியே இல்லாமல். பாதிப் படியில் நான் மட்டும் திரும்பி வந்தேன். சோபாவை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தேன்.