கரும்பு வெட்டு வரிசைக்கு ஒரு காவல்காரி

கம்ப்யூட்டருக்குக் காவல் இருப்பது, சந்தேகப்படுவதற்காகச் சம்பளம் வாங்குகிற வேலை. இன்றைக்கு அதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வந்துவிட்டன. பெண்கள் அதற்கென்றே படித்துவிட்டு வருகிறார்கள். எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் நான் சேர்ந்தபோது அந்த வேலைக்குப் பெயரே கிடையாது. 'பாஸ்வேர்டு பார்க்கிற பொண்ணு' என்பார்கள், அவ்வளவுதான். பீரோ சாவி, கேள்வித்தாள் கட்டு என்று எதையாவது காத்துக்கொண்டு, அது காணாமல் போனால் முதல் திருடனாகவும் தாமே ஆகிவிடுகிற பாக்கியசாலிகள் உங்களில் இருந்தால், நீங்கள் என் கட்சி. மேலே படியுங்கள்.

டீக்கடைக்குப் போகாத தகுதி

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது எங்கள் தனியார் கம்ப்யூட்டர் ஆபீஸ். ஒரு மெஷின், அதோடு இணைத்த நாலு திரை, ஒரு ஏசி. ஆலை ஒன்றுக்குக் கரும்பு வெட்டு வரிசை போட்டுக் கொடுப்பதுதான் பெரிய வேலை. யார் எந்தத் தேதியில் கரும்பு நட்டார் என்று பார்த்து, எந்தத் தோட்டத்துக்கு முதலில் வெட்டாள் போக வேண்டும் என்று சனிக்கிழமைதோறும் பட்டியல் அடித்து அனுப்புவோம். வரிசையில் பின்னால் போனவர் கரும்பு நின்றபடியே காயும், எடை குறையும். அதனால் அந்தப் பட்டியலை முன்கூட்டிப் பார்க்கவும், முடிந்தால் தன் பெயரைக் கொஞ்சம் மேலே ஏற்றவும் சுற்றுவட்டாரமே ஆசைப்பட்டது.

மேனேஜர் ராமமூர்த்தி சார் என்னை எடுத்தது அந்தப் பட்டியலைக் காக்கத்தான். ஆறு மாதம் பார்ப்பாராம். அதற்குள் ஒரு வரி வெளியே போனாலும், ஒரு வரி மாறினாலும் நான் வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். என் கணிதப் பட்டத்தையும் சேலத்தில் படித்த டிப்ளமோவையும் பார்த்துத்தான் எடுத்தார் என்று நான் பூரித்துப்போயிருந்தேன். அத்தாவுக்கும் பெருமை. கடைத்தெருவில் பாய், தலையணை விற்கிறவர், வாங்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொன்னார். இத்தனை பையன்கள் வந்தும் என்னை ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு நாள் சாரிடமே கேட்டுவைத்தேன். அவர் சொன்னார்: "பொம்பளப் புள்ள டீக்கடையில போயி உக்காராதும்மா. லிஸ்ட்டு வெளிய போறதெல்லாம் டீக்கடையிலதான்."

ஒரு மூட்டை பச்சைக் கடலை

கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் பஸ் ஏறி வந்தார், கையில் ஒரு சின்ன மூட்டைப் பச்சைக் கடலையோடு. ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். எதையும் மாற்ற வேண்டாம், தன் பெயர் எத்தனையாவது என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். நான் கடலையைத்தான் பார்த்தேன். வாங்கிச் சாப்பிட்டால் நாளைக்கு அதற்குப் பெயர் லஞ்சம். வாங்காவிட்டால் மரியாதை தெரியாதவள். எழுந்து போய்த் திரையை அணைத்துவிட்டு வந்து பேசினேன்.

அவருக்கு இரண்டு ஏக்கர், புருஷன் இல்லை, கிணறு வற்றிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் மனசு இளகியது நிஜம். ஆனால் அழுகிறவர்களை அனுப்பி விஷயம் பிடுங்குவார்கள் என்று மேனேஜர் எச்சரித்திருந்தார். சனிக்கிழமை ஆலையில் ஒட்டுவார்கள், அங்கே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "உம்பட பொட்டிய நல்லாப் பாத்துக்க கண்ணு. எம்பட கரும்ப யாரு பாக்குறா."

பத்திரிகையின் தலையில்

பாஸ்வேர்டு யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும் என்று ஆபீசில் வகுப்பே எடுத்திருந்தேன். கேட்டார்களா என்று ஒரு நாள் சோதித்தேன். எங்கள் ஆபீசில் ஒரு கண்ணாடிப் பலகை உண்டு. அவரவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அதில் ஒட்டிவைப்பார்கள். ஒவ்வொரு பத்திரிகையின் தலையிலும் அந்த வீட்டுக் குலதெய்வத்தின் பெயர் போட்டு, 'துணை' என்று இருக்கும். பார்த்துப் பார்த்து டைப் செய்தேன். என்னைவிட மூத்தவரான கோவிந்தனின் முனியப்பன் முதல் தட்டிலேயே கதவைத் திறந்துவிட்டார். பக்கத்துத் திரையில் உட்காரும் செல்வியின் அங்காளம்மன், எட்டெழுத்துக்கு மேல் மெஷின் ஏற்காததால் பாதியில் நின்றபடியே திறந்தாள். மேனேஜர் வீட்டுப் பெருமாளும் வஞ்சனை செய்யவில்லை.

மூன்று பேரையும் உட்காரவைத்து, இப்போதே மாற்றுங்கள் என்றேன். எங்கள் வீட்டில் இந்த வம்பெல்லாம் கிடையாது என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். கோவிந்தனும் செல்வியும் மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள். மேனேஜர் மட்டும் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "சாமி பேர எடுத்துட்டு வேற போடச் சொல்றியே, குத்தம் ஆயிடாதா?"

வெள்ளிக்கிழமை, ஒன்று இருபது

யார் எப்போது மெஷினில் உட்கார்ந்தார்கள் என்பதைத் தினமும் தாளில் அடித்து மேனேஜர் மேஜையில் வைக்கிற வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான். மனிதர்கள் மறப்பார்கள், மெஷின் மறக்காது என்று அவருக்கு விளக்கமும் சொல்லியிருந்தேன். ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தத் தாள் என்னையே பிடித்தது. நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி சின்னராசு என்பவர், இருநூற்றுப் பன்னிரண்டாவது இடத்திலிருந்து ஒன்பதாவது இடத்துக்கு ஏறியிருந்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆலைக்குப் போய்ச் சண்டை போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாற்றியது போன வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு. என் பெயரில், என் பாஸ்வேர்டில்.

வெள்ளிக்கிழமை மதியம் நான் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவேன் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சாட்சி யார் என்றார் மேனேஜர். அம்மா என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சொத்தையான சாட்சி என்று எனக்கே தெரிந்தது. சின்னராசுவை நான் கண்ணால் பார்த்ததில்லை என்று சத்தியம் செய்தேன். அவரைக் கூப்பிட்டு விசாரிக்கலாமே என்றேன். விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று சார் பயந்தார். கோவிந்தன்தான் எனக்காகப் பரிந்து பேசினார். சனிக்கிழமை வரை தவணை கிடைத்தது. மேனேஜர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்: "நீ சொன்னதுதாம்மா, மெஷின் மறக்காதுன்னு. அதுல உம்பேருதான இருக்குது?"

செல்வியின் டிபன் பாக்ஸ்

அடுத்த இரண்டு நாள் நான் சந்தேகப்படாத ஆளே இல்லை. அறை கூட்டுகிற அம்மா, ஏசி ரிப்பேர் பார்க்க வந்தவர், காகிதக் கட்டு கொண்டுவந்து போட்டவர் என்று சுற்றிவந்து கடைசியில் செல்வியிடம் நின்றேன். பக்கத்துத் திரை அவளுடையது. என் விரல் போகிற போக்கை அவள் பார்த்திருக்கலாம். அவளோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினேன். கையை மறைத்துக்கொண்டு டைப் செய்தேன். கோவிந்தன் மட்டும் பழைய தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு, என்னோடு வரி வரியாகத் தேடினார். வீட்டில் அத்தா, கெட்ட பெயரோடு அந்த வேலை எதற்கு, சனிக்கிழமையோடு நின்றுவிடு என்று சொல்லிவிட்டார். அத்தாவே நம்பவில்லையோ என்று அவரையும் சந்தேகப்பட்டேன்.

வியாழக்கிழமை செல்வி தன் டிபன் பாக்ஸை என் மேஜைமேல் வைத்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. உங்கள் தங்கச்சி கல்யாணப் பத்திரிகையைப் பலகையில் ஒட்டினீர்களே, அதன் தலையை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டாள். நான் பார்க்க வேண்டியதே இல்லை. எங்கள் வீடுகளில் பத்திரிகையின் தலையில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 என்று போடுவோம். என் பாஸ்வேர்டு அதே 786, இரண்டு தடவை. செல்வி டிபன் பாக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்: "இதுக்கு நா உங்க வெரலப் பாக்கணுமாங்க்கா? ரோட்டுல போற லாரியில எழுதியிருக்குது."

நன்றி சொல்ல வந்தவர்

அந்த வெள்ளிக்கிழமை நான் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. கோவிந்தன் மெஸ்ஸுக்குப் போயிருந்தார். ஒரு பெரியவர் வாழைப்பழத் தாரோடு மாடியேறி வந்தார். பழத்தைப் பார்த்ததுமே, வரிசை பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று நான் முந்திக்கொண்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை, என் பெயர் சின்னராசு என்றார் அவர்.

மேனேஜர் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, முதலில் தாரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். இத்தோடு என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார்: "எங்க மாப்ள கோவிந்தன் இல்லீங்களா? நிச்சயம் பண்ணி பத்து நாளுகூட ஆவல, அதுக்குள்ள நம்ம தோட்டத்துக்கு வெட்டாளு வந்துட்டாங்க. மாப்ளகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

செருப்பு மாட்டும்போது

நிச்சயம் நடந்ததையே கோவிந்தன் எங்களிடம் மறைத்திருந்தார். கேட்டதும் ஒப்புக்கொண்டார். மாமனாருக்கு முதன்முதலாக ஒரு உபகாரம் செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியதாம். என் வேலை போகும் என்று நினைக்கவே இல்லையாம். பிழைத்தோம் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வந்ததென்னவோ கோபம்தான். திருடனைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தாள் புரட்டினாரே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. செல்வியிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள், ஆனால் ஒரு வாரம் தனியாகத்தான் சாப்பிட்டாள்.

மேனேஜர் கோவிந்தனை அன்றோடு நிறுத்தினார். என்னை நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்தார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கோவிந்தன் தலை நிமிராமலே என்னிடம் சொன்னார்: "எங்க சாமியெல்லாம் மாத்தச் சொன்னீங்க, மாத்திட்டோம். நீங்கதாங்க கடைசி வரைக்கும் மாத்தல."

ஊரையே சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கிய நான் என்னை மட்டும் முழுசாக நம்பியதுதான் அந்த ஆபீசில் யாரும் பூட்டாத ஒரே கதவு.