வண்டித்தடம்

கல்லூரியில் நான் புவியியல் படித்தபோது, நகரங்கள் எப்படி வளர்கின்றன என்று ஒரு பாடம் இருந்தது. பேராசிரியர் கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக வரைவார். நடுவில் கடைவீதி, அடுத்து மில்கள், அப்புறம் குடியிருப்புகள். கடைசி வட்டத்துக்கு வெளியே தோட்டங்கள். ‘நகரம் விரிவடைகிறது’ என்று எழுதிக்கொண்டோம். யாரை நெட்டித் தள்ளிக்கொண்டு விரிவடைகிறது என்பது புத்தகத்தில் இல்லை. எங்கள் வீடு அந்தக் கடைசி வட்டத்துக்கு வெளியேதான் இருந்தது.

சரவணம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உழவு, களை என்று காட்டு வேலைக்கு ஆள் கிடைக்காமல் போயிற்று. வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் பவுண்டரிக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டார்கள். அப்பா வீட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தையும் வைத்துக்கொண்டு, மற்றதை மனை பிரித்து சைட் போடுகிற ஒருவருக்கு விற்றார். வீடு நடுவில் மாட்டிக்கொண்டது. மெயின் ரோட்டிலிருந்து வரும் வண்டித்தடம் விற்ற நிலத்தில்தான் போனது.

தடம் எப்போதும்போல இருக்கும் என்று வாங்கியவர் வாயால் சொன்னார். அப்பா அதை எழுதிக் கேட்கவில்லை. பங்காளிக்கு விற்றிருந்தால் அங்குலம் அங்குலமாக அளந்து பத்திரத்தில் ஏற்றியிருப்பார். தடத்துக்காகப் பங்காளிகள் மண்டையை உடைத்துக்கொண்டதை நிறையப் பார்த்தவர் அவர். ஆனால் இவர் வெளியூர்க்காரர், நம் வீட்டில் கை நனைத்தவர், வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர். அவரிடம் எழுதிக் கேட்டால் மரியாதைக் குறைவாம். எங்கள் ஆட்களின் மரியாதை அப்படி. கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படும், அன்னியனிடம் வாயைத் திறக்காது.

வாங்கியவர் தடத்தையும் சேர்த்தே சைட் பிரித்தார், அவர் போட்ட ரோடு எதுவும் எங்கள் வாசல்வரை வரவில்லை. சைட்டுகள் ஒவ்வொன்றாக விற்றன. ஒரு காம்பவுண்டுச் சுவர் எழும்பினால், பக்கத்துக் காலி சைட் வழியாகப் போய்வந்தோம். கடைசியில் ஒரே ஒரு காலி சைட்தான் மிஞ்சியது. அதை வாங்கியவர் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர். அவர் அஸ்திவாரம் தோண்டியபோது, வண்டி வருகிற அளவுக்காவது வழி கேட்டு வாங்கச் சொல்லி அம்மா அப்பாவை அனுப்பினாள். அப்பா போய் அவர் பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு, காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவருக்கு இருப்பதே துளியூண்டு இடம், அதில் போய் எப்படிக் கேட்பது என்றார். சுவர் எழும்பியது. எங்களுக்கென்று ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து மிஞ்சியது.

மறு வருஷம் ஒரு காலையில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. வாடகைக் கார் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. கட்டிலோடு தூக்கிப் பார்த்தோம், சந்தில் நுழையவில்லை. நாற்காலியும் சிக்கிக்கொண்டது. அப்பா முன்னால் கையைப் பிடிக்க, நான் பின்னால் தாங்க, நெஞ்சு வலிக்கிறவளை நடக்கவைத்தே கூட்டிப் போனோம். பாதிச் சந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மூச்சுச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் காரிலேயே உயிர் போய்விட்டது.

உடலைக் கொண்டுவந்தபோது, வாத்தியார் தானே கடப்பாரை எடுத்துத் தன் சுவரை இடித்து வழி செய்திருந்தார். சட்டையெல்லாம் புழுதி. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதார். அந்த வழியாகத்தான் அம்மா வீட்டுக்கு வந்தாள், அந்த வழியாகத்தான் போனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் அவர் சுவரைத் தொடவில்லை. அப்பாதான் நாலு தரம் போய், திறந்து கிடந்தால் அவர் வீட்டுக்கு நல்லதில்லை, கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொத்தனார் வந்து இறங்கிய அன்று எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவைத் தனியே கூப்பிட்டு, இப்போது கேட்டால் கட்டாயம் கொடுப்பார், இப்போதாவது கேளுங்கள் என்றேன்.

“எழவு ஊட்டுக்காரன் கேட்டா அவருனால இல்லீன்னு சொல்ல முடியாது கண்ணு,” என்றார் அப்பா. “முடியாதவங்ககிட்டப் போயிக் கேக்கறது தப்பு.”

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. சிமெண்டு குழைக்கத் தண்ணீர் வேண்டும் என்று கொத்தனார் சந்தில் நின்று குரல் கொடுத்தார். அப்பா போய் எங்கள் கிணற்று மோட்டாரைப் போட்டார்.